பாகான் டத்தோவில் படகும் பாட்டும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்கு, கேமரன் மலை என்றுதான் நம் நினைவு ஓடுகிறது. போகிற வழியெல்லாம் வாகன நெரிசல், போன இடத்தில் கூட்டம், திரும்பி வரும்போது பையில் காசும் இருப்பதில்லை. இம்முறை கூட்டமில்லாத ஓர் ஆற்றங்கரைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். போய்ப் பார்த்து வருவதோடு, படகு வைத்திருப்போருக்கும் வைக்க நினைப்போருக்கும் உதவும் ஒரு கைத்தொழிலையும் அங்கே தெரிந்துகொள்வோம். படகில் பாட்டுக் கேட்க வேண்டும், ஆனால் பேட்டரி தீர்ந்து நடு ஆற்றில் நிற்கக் கூடாது. அந்த வித்தைதான் அது.

நாம் போகும் இடம் பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ. பேராக் ஆறு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடி வந்து கடலில் கலக்கும் இடம். தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு இதுதான். 2017-ஆம் ஆண்டில் பாகான் டத்தோ பேராக்கின் 12-ஆவது மாவட்டமாக ஆக்கப்பட்டது.

தென்னை மரங்களின் ஊடே

தெலுக் இந்தானில் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். 1982 வரை தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட ஊர். பெரியவர்கள் சிலர் இன்னும் ‘ஆன்சன்’ என்றே சொல்லக் கேட்கலாம். 1885-இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேலே கடிகாரம், உள்ளே தண்ணீர்த் தொட்டி என்று கட்டப்பட்டது அது. மண் இளகியதால் சாய்ந்தது. இந்த வட்டாரத்து மண்ணும் நீரும் எப்படிப்பட்டவை என்பதற்கு அதுவே முதல் பாடம்.

அங்கிருந்து ஊத்தான் மெலிந்தாங் வழியாகக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வழியில் ஜெண்டராட்டா தோட்டம் வரும். 1906-இல் டென்மார்க் நாட்டவர் தொடங்கிய தோட்டம். ரப்பரில் ஆரம்பித்து, பிறகு தென்னையும் செம்பனையும் ஆயிற்று. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய மண். அதைத் தாண்டி சுங்கை சுமுன் பக்கம் போகப் போகச் செம்பனைக்கு நடுவே தென்னைகள் தலைகாட்டத் தொடங்கும். தேங்காய்க்குப் பேர்போன வட்டாரம் இது. தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளும் சிறு கோயில்களும் கண்ணில் படும்போது, அறியாத ஊருக்கு வந்த எண்ணமே உங்களுக்குத் தோன்றாது.

சாலை முடியும் இடத்தில் ஆறு. ஆறு என்றா சொன்னேன்? அக்கரை மெல்லிய பச்சைக் கோடாகத் தெரியும். அவ்வளவு அகலம்!

ஆறு சொல்லும் பழைய கதை

இந்த முகத்துவாரத்துக்கு ஒரு கதை உண்டு. பேராக் சுல்தானகம் 1528-இல் தோன்றியது. முதல் சுல்தான் முசாபர் ஷா கப்பலில் வந்தபோது இங்குள்ள மணல்திட்டில் கப்பல் தட்டி நின்றுவிட்டதாம். பாரமான பொருள்களை எல்லாம் கடலில் எறிந்தும் கப்பல் அசையவில்லையாம். கடைசியில் முடியையே கடலுக்குக் கொடுத்த பிறகுதான் கப்பல் மிதந்தது என்று மக்கள் சொல்வார்கள். அந்த இடத்துக்கு ‘பெத்திங் பெராஸ் பாசா’ என்று பெயர். ஈர அரிசித் திட்டு என்று பொருள்.

கதை எப்படியோ போகட்டும். அதில் உள்ள உண்மை இன்றைக்கும் பொருந்தும். இந்தக் கடலில் தண்ணீர் நாளைக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு ஏற்றமும் ஏறக்குறைய ஆறு மணி நேரம், ஒவ்வொரு வற்றலும் அவ்வாறே. அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். வற்றும்போது ஆற்று நீரும் கடலின் இழுப்பும் சேர்ந்து படகை வெளியே, மலாக்கா நீரிணைப் பக்கம் கொண்டுபோகும். உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளில் அது ஒன்று. இஞ்சின் ஓடினால் கவலையில்லை. இஞ்சின் ‘ஸ்டார்ட்’ ஆகாவிட்டால் ஒன்று சேற்றுத் திட்டில் அகப்பட்டுக்கொள்வோம். இல்லையேல் கடலுக்கு இழுபடுவோம். முடியைக் கொடுத்து மீள நாம் சுல்தான்களும் அல்லர்!

தண்ணீர் ஏறும் வரையில்

நீங்கள் போய்ச் சேரும் நேரம் வற்றலாக இருக்கலாம். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். மீன்கள் சேற்றில் தத்தித் தத்திப் போவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும். நாம் அதற்குள் ஒரு சிறிய படகைச் சுற்றிப் பார்ப்போம்.

பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள பைபர் படகு. நம்மவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்கும் படகு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பின்னால் அவுட்போர்டு இஞ்சின். 15 குதிரை சக்தி வரையிலுள்ள இஞ்சின்கள் பெரும்பாலும் கயிற்றை இழுத்துக் கிளப்புபவை. 40, 60 என்று போகும்போது சாவியைத் திருப்பிக் கிளப்புபவையே அதிகம். சாவி என்றால் பேட்டரி வேண்டும். இருக்கைக்கு அடியில் ஒரு கார் பேட்டரி இருக்கும். அதிலிருந்துதான் இஞ்சின், விளக்கு, தண்ணீர் இறைக்கும் பம்பு, மீன் காட்டும் கருவி எல்லாம். இப்போது அதிலேயே ரேடியோவும்.

ரேடியோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தூண்டிலைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பாட்டுத்தான் துணை. முன்பு ‘ரேடியோ 6’ என்று நாம் கேட்ட அரசாங்கத் தமிழ் வானொலி, இன்று ‘மின்னல்’ என்ற பெயரில் ஒலிக்கிறது. வானிலை எச்சரிக்கையும் அதில் வரும். ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர் வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்னும் புயற்காற்று இந்த நீரிணையில் திடீரென்று வீசும். படகில் ரேடியோ இருப்பது அப்போது பாதுகாப்பும்கூட.

ஆனால் ஒன்று. தோட்டத்து லயங்களில் மின்சாரம் இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளை டிவி பார்த்த குடும்பங்கள் எத்தனை! தமிழ்ப் படம் போடுகிற நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடியிருப்பார்கள். கதாநாயகன் வில்லனைப் பிடிக்கப் போகும் நேரத்தில் படம் சுருங்கத் தொடங்கும். நாலு பக்கமும் கறுப்பு ஏறி, கடைசியில் நடுவில் ஒரு புள்ளியாகி அணைந்துவிடும். மறுநாள் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய் ‘சார்ஜ்’ போட்டோம். லயத்தில் பேட்டரி தீர்ந்தால் போனது படத்தின் முடிவு மட்டுமே. ஆற்றில் தீர்ந்தால் போவது வேறு.

கடைப் புத்தகக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், நான்காம் வகுப்புக் கணக்குத்தான்.

பேட்டரியின் மேல் ‘60 ஆம்பியர்-மணி’ என்பது போல் ஓர் எண் இருக்கும். ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 60 மணி நேரம் வரும் என்பது கணக்கு. ஆனால் முழுவதையும் எடுக்கக் கூடாது. கார் பேட்டரி, இஞ்சினைக் கிளப்பும் சில விநாடிகளில் நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைச் சிறுகச் சிறுக அடிமட்டம் வரை வற்றவிட்டால் சில தடவையிலேயே கெட்டுப்போகும். ஆகவே பாதியை, அதாவது 30-ஐ, தொடக் கூடாத பணம் என்று ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர் வைத்த கார் ரேடியோ, அளவான சத்தத்தில் ஒன்று முதல் இரண்டு ஆம்பியர் எடுக்கும். சத்தத்தைக் கூட்டினால் நான்கு, ஐந்து. தனி ஆம்பிளிபையரும் ‘டம்டம்’ என்று அதிரும் பெரிய ஸ்பீக்கரும் வைத்தால் பத்துக்கு மேல் போகும்.

காலையிலிருந்து ஐந்து மணி நேரம் நான்கு ஆம்பியர் வீதம் பாட்டுக் கேட்டால் 20. பம்பும் மீன் காட்டும் கருவியும் ஒரு 5. மொத்தம் 25 செலவு. திரும்பி வரும்போது இஞ்சின் சார்ஜ் செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கார் ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியருக்கு மேல் தரும். சிறிய அவுட்போர்டு இஞ்சின் தருவது பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆம்பியர்தான். அதுவும் வேகமாக ஓடும்போது மட்டுமே. மெதுவாகப் போனால் இன்னும் குறையும். 10 ஆம்பியர் வீதம் நாற்பது நிமிடம் ஓடி வந்தால் வரவு 7-கூட இல்லை. செலவு 25, வரவு 7. பாக்கி 18.

தோட்டத்து மளிகைக் கடையில் கடன் புத்தகம் எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இந்த மாதம் கொஞ்சம் பாக்கி, அடுத்த மாதம் கொஞ்சம் பாக்கி. ஒரு நாள் கடைக்காரர் அரிசி இல்லை என்பார். பேட்டரியும் அப்படித்தான். முதல் பயணத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் இஞ்சின் சோம்பலாகக் கிளம்பும். மூன்றாவதில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வரும். அந்த மூன்றாவது நாள், தண்ணீர் வற்றுகிற சாயங்காலமாக இருந்தால்?

இரண்டு பேட்டரி, இரண்டு வீடு

வழி எளிது. இஞ்சினுக்கு ஒரு பேட்டரி, பாட்டுக்கு ஒரு பேட்டரி. முதலாவது ‘வீடு திரும்பும் பேட்டரி’ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாட்டு வயர் ஒன்றும் போய்ச் சேரக் கூடாது.

சிறிய படகுக்கு மிக மலிவான முறை இது: திருட்டு எச்சரிக்கை மணிகளில் வைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரி ஒன்று வாங்குங்கள். கார் பேட்டரியை விட விலை மிகக் குறைவு. பாதியை எடுத்தாலும், ஒரு ஆம்பியர் வீதம் மூன்றரை மணி நேரம் பாட்டு வரும். அது தீர்ந்தால் பாட்டு நிற்கும், படகு நிற்காது. வீட்டுக்குக் கொண்டுபோய், அதற்கேற்ற சிறிய சார்ஜரில் போடுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் அறையில் வேண்டாம்.

நாள் முழுக்கப் பாட்டு வேண்டும் என்பவர்கள், ஆழமாக வற்றினாலும் தாங்கும் வகைப் பேட்டரி ஒன்றை இரண்டாவதாக வைக்கலாம். இரண்டையும் இணைக்க ‘1, 2, இரண்டும்’ என்று திருப்பும் சுவிட்சு விற்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் ‘இரண்டும்’ என்ற இடத்தில் திருப்பிவிட்டு மறந்துபோனால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே வற்றிவிடும். மனிதர் மறப்பார், ஆகவே தானாக இயங்கும் ரிலே மேல். இஞ்சின் ஓடி வோல்ட் 13.3 அளவுக்கு மேல் ஏறினால் அது இரண்டையும் சேர்க்கும். இஞ்சின் நின்று 12.8 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். வரவில் இருவருக்கும் பங்கு, செலவில் தனிக் குடித்தனம்!

இவ்வளவும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. தனக்குள்ளேயே பேட்டரி வைத்த, தண்ணீர் படாத கைபேசி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, வீட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுபோங்கள். வயரும் இல்லை, வம்பும் இல்லை.

வயர் போடும் முறை

நிலையாக ரேடியோ வைக்க விரும்புவோர் கவனியுங்கள். காருக்கு ரேடியோ மாட்டத் தெரிந்த பையன்கள் நம் தோட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் படகு கார் அன்று.

முதலாவது, காரில் கறுப்பு வயரை எந்த இரும்பில் திருகினாலும் வேலை செய்யும். வண்டியின் உடம்பே திரும்பும் பாதை. பைபர் படகில் அது நடவாது. ஒவ்வொரு கருவிக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர் வேண்டும். அலுமினியப் படகாக இருந்தாலும் உடம்பைப் பயன்படுத்தாதீர்கள்; உப்புத் தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

இரண்டாவது, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வைக்க வேண்டும். ஆம்பிளிபையர் இல்லாத சிறிய ரேடியோவுக்கு 10 ஆம்பியர் பியூஸ் போதும். ரேடியோவுக்குப் பின்னால் ஒரு பியூஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. அது ரேடியோவைக் காக்கும். இது வயரைக் காக்கும். பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் ஓடும் வயர் உரசிப் பொறி தட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வீட்டுக்குப் போட்டு மிஞ்சிய வயரைப் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, உள்ளுக்குள்ளே கறுத்துப்போகும். ஈயம் பூசிய, பல இழைச் செம்பு வயர் படகுக் கடைகளில் கிடைக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கனம் போதுமானது. முறுக்கி டேப் ஒட்டுவதோடு விடாதீர்கள். இணைப்பை அழுத்திப் பிடித்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள்.

நான்காவதுதான் பேட்டரி தீருவதற்குப் பலருக்கும் தெரியாத காரணம். கார் ரேடியோவில் மஞ்சள் வயர் ஒன்று, சிவப்பு வயர் ஒன்று இருக்கும். சிவப்பு, ரேடியோவை எழுப்பும். மஞ்சளோ, ரேடியோ அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தையும் நிலையங்களின் நினைவையும் காப்பாற்ற எப்போதும் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். மிகச் சிறிய அளவுதான். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி. ஆனால் படகு ஒரு மாதம் கரையில் கிடந்தால்? 14 ஆம்பியர்-மணி போய்விடும்! கார் தினமும் ஓடும், அதற்குத் தெரியாது. மாதம் ஒருமுறை ஓடும் படகுக்கு இது பெரிய இழப்பு. ஆகவே மஞ்சள், சிவப்பு இரண்டையும் சேர்த்து ஒரே சுவிட்சுக்குப் பின்னால் கொடுங்கள். சுவிட்சை அணைத்தால் எல்லாம் அணைய வேண்டும். கடிகாரம் தவறிப்போகும். போகட்டுமே! மணி பார்க்கக் கைக்கடிகாரம் இருக்கிறது.

ஐந்தாவது, ஸ்பீக்கர். காகிதக் கூம்பு வைத்த கார் ஸ்பீக்கர் உப்பில் ஊறிக் கிழிந்துவிடும்; ஈரம் தாங்கும் வகையை வாங்குங்கள். பெட்டியில் டெசிபல் என்று ஓர் எண் போட்டிருக்கும். அந்த எண் 3 கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்தைப் பாதி மின்சாரத்தில் தரும். பேட்டரியைக் காக்க இதைவிட எளிய வழி இல்லை. ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு. திசைகாட்டி இருந்தால் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இல்லையேல் பாட்டு இனிக்கும், திசை தவறும்.

கடைசியாக, பேட்டரி வேலை செய்யும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து, அலையில் உருளாதபடி வாரால் கட்டுங்கள். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து எரியும் வாயு வரும். ஆதலால் பெட்ரோல் தொட்டியோடு ஒரே மூடிய அறையில் வைக்க வேண்டாம்.

ஆற்றின் நடுவே

இப்போது தண்ணீர் ஏறிவிட்டது. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு ஏறுங்கள். நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். இஞ்சின் உறும, படகு அலையாத்திக் காட்டு ஓரமாகப் போகும். வேர்கள் தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கும். கொக்குகள் நிற்கும். உப்பு வாசம் ஏறும். நல்ல இடம் பார்த்து நங்கூரம் போட்டு இஞ்சினை நிறுத்தியதும் வரும் அமைதி இருக்கிறதே, பெரட்டு மணிக்கும் தொழிற்சாலைச் சங்குக்கும் பழகிய நம் காதுக்கு அது ஒரு மருந்து.

“அண்ணே, பாட்டுப் போடலாமா?” என்று படகுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

“போடு தம்பி. அது பாட்டு பேட்டரி. இஞ்சின் பேட்டரியில கை வைக்காத வரைக்கும் நீ பொழுது சாயற வரைக்கும் கேட்கலாம்” என்று அவர் சொன்னால், நல்ல படகில் ஏறியிருக்கிறீர்கள் என்று பொருள்.

சத்தத்தை அளவாக வையுங்கள். மீனுக்காக அன்று, உங்களுக்காகத்தான். வளைவில் வரும் இன்னொரு படகின் ஒலி, இழுவைப் படகின் சங்கு, மேற்கே உறுமும் இடி எல்லாம் காதில் விழ வேண்டும். இருட்டும் நேரத்தில் படகின் விளக்கு எரிய வேண்டும். பாட்டுக்கும் விளக்குக்கும் போட்டி வந்தால் பாட்டை நிறுத்துங்கள். பிறருக்கு உங்களைக் காட்டுவது அந்த விளக்குத்தான்.

ஒரு சிறிய வோல்ட் மீட்டரைப் படகில் மாட்டி வைப்பது நல்லது. இஞ்சின் நின்று சிறிது நேரம் ஆன பிறகு பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறை குடம். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் உடனே கரைக்குக் கிளம்புங்கள். இஞ்சின் ஓடும்போது 13.5-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை.

இத்தனையும் செய்து, இஞ்சின் கிளம்பவில்லை என்றால்? பதறாதீர்கள். முதலில் நங்கூரம். இழுபடாமல் நின்றுவிட்டால் பாதி ஆபத்து போயிற்று. பல இஞ்சின்களில் மூடியைக் கழற்றி, சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்ப வழி வைத்திருப்பார்கள். கயிறு எங்கே இருக்கிறது, எப்படிச் சுற்றுவது என்று கரையிலேயே ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். கணினி வைத்த புதிய இஞ்சின்கள் சிலவற்றில், பேட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால் கயிறும் உதவாது. உங்கள் இஞ்சின் எந்த வகை என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். கைபேசியைத் தண்ணீர் புகாத பையில் முழுச் சார்ஜோடு வையுங்கள். அதில் பாட்டுக் கேட்டுத் தீர்த்துவிடாதீர்கள். ஆபத்து என்றால் 999-ஐ அழையுங்கள். கடல்சார் அமலாக்கப் பிரிவினருக்குச் செய்தி போகும்.

கரையில் காத்திருப்போருக்காக

பொழுது சாயும்போது முகத்துவாரம் பொன்னாக மாறும். அதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போய்வரலாம். வசதியுள்ளோர் பாகான் டத்தோவிலிருந்து விசைப்படகில் சென்று, கடலில் உள்ள செம்பிலான் தீவுகளையும் காணலாம். ஒன்பது தீவுகள் என்பதால் அந்தப் பெயர். அங்கே இருட்டிய பிறகு அலை புரளும்போது நீல ஒளி மின்னும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. விளக்கு வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்!

திரும்பி வந்து படகைக் கட்டியதும் மூன்று காரியம் செய்யுங்கள். சுவிட்சை அணையுங்கள். முனைகளில் உப்பைத் துடையுங்கள். பாட்டு பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். படகு கரையிலேயே வாரக்கணக்கில் கிடக்குமானால், 10 வாட் சூரியத் தகடு ஒன்றைக் கட்டுப்பாட்டுக் கருவியோடு மாட்டினால் இஞ்சின் பேட்டரி சோர்ந்துபோகாது.

ஆற்றுக்குப் போகிறவனுக்கு மீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாட்டு நன்றாக இருக்கலாம், இரைச்சலாகவும் இருக்கலாம். ஆனால் இருட்டிய பிறகு வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனைவியோ தாயோ நம் எல்லாருக்கும் உண்டு. அவர்கள் காதுக்கு, அன்றைக்கு வானொலியில் வந்த எந்தப் பாட்டையும் விட, வீட்டு வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் சத்தமே இனிமையானது. அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒரு பேட்டரியைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன்.

அடுத்த விடுமுறைக்குப் பாகான் டத்தோ போய்வாருங்கள். இளநீர் குடிக்க மறக்காதீர்கள்!